புதிய குகைப் பாதைகளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதுவரை யாரும் காணாத ஒரு குகைப் பாதை திறந்துகொள்ளும்போது, அளவைக் கருவிகளைப் பையிலேயே விட்டுவிட்டு, "எதுவரை போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம், பிறகு அளக்கலாம்" என்று உள்ளே ஓடுவதுதான் ஒரு குழு செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. திரும்பி வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், புதுமையும் தீர்ந்துபோயிருக்கும். அடுத்த முறை அதே பாதையை அளப்பதற்காக மட்டும் வர யாருக்கும் மனம் வராது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஓடுகிறவர் கண்ணில் படாத கூரைத் துளையும், சுவரோரத்தில் காற்று கசியும் இடுக்கும், பாதை நெடுக அடுத்தடுத்துக் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு அளவைப் புள்ளியிலும் நின்று அளக்கிறவர் கண்ணில் தப்பாமல் படும். அமெரிக்காவின் கென்டக்கியில் பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் உள்ளே இணைந்திருப்பது 1972 செப்டம்பர் 9 அன்று கண்டறியப்பட்டது, பல ஆண்டுகளாக நடந்த பொறுமையான அளவைப் பயணங்களின் விளைவே. இன்று 680 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டு, உலகின் மிக நீளமான குகையாக அறியப்படுவது இணைந்த அந்தக் குகைதான்.

அளக்கத் தொடங்கிய பின் வரும் தவறுகளில் கண்ணுக்கே தெரியாதது காந்தத்தால் வருவது. திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும்போது ஹெல்மெட் விளக்கும் அதன் மின்கலப் பெட்டியும் சில அங்குலத் தொலைவில்தான் இருக்கின்றன. தலையைச் சற்றே சாய்த்தால் எண் ஓரிரு பாகை நகர்வதை அங்கேயே காணலாம். மார்பில் தொங்கும் எஃகு காரபினர் (கயிற்றில் மாட்டும் கொக்கி), கத்தி, மூக்குக்கண்ணாடியின் சட்டம், புள்ளிக்கு அருகே பாறையில் அடித்த ஆணி என ஒவ்வொன்றும் இதைச் செய்யக்கூடும். குகைக்குள் போகுமுன் வெளியிலேயே தொலைவிலுள்ள ஒரு பொருளைக் குறிவைத்துக்கொண்டு, நண்பரிடம் ஒவ்வொரு பொருளாகக் கருவியருகே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், எது பகை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாதைகள் சுற்றிவந்து ஒரே புள்ளியில் சேரும்போது கணக்கு ஒத்துவந்தால் அளவை சரி என்று பலர் நம்புகிறார்கள். தனித்தனிப் பிழைகளை அந்தச் சுற்று காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கருவியோ அதைப் பிடிப்பவரின் விளக்கோ எல்லா அளவுகளையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால், படம் முழுவதும் அப்படியே திரும்பி நிற்கும், சுற்றும் அழகாகக் கூடிவிடும். இரண்டு பாகை திரும்பிய படத்தில் நேராக ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் முனை, உண்மையான இடத்திலிருந்து சுமார் 35 மீட்டர் விலகிக் காட்டப்படும். திசை, சாய்வு, தொலைவு மூன்றையும் ஒன்றாக அளக்கும் டிஸ்டோஎக்ஸ் போன்ற மின்னணுக் கருவிகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றை 14 திசைகளில், ஒவ்வொன்றிலும் நான்கு முறை கருவியைச் சுழற்றி, 56 அளவுகள் எடுத்துச் சீரமைக்க வேண்டும். மின்கலத்தை மாற்றிய பின் சரிபார்க்காமல் உள்ளே எடுத்துப்போகக் கூடாது.

கையால் பிடிக்கும் திசைகாட்டியில் 240-க்கும் 250-க்கும் இடையே உள்ள கோடுகளைத் தவறான பக்கத்திலிருந்து எண்ணி, 243 என்பதை 247 என்று படிப்பது அன்றாடம் நடக்கிறது. முன்னோக்கி அளந்ததை அடுத்த புள்ளியிலிருந்து பின்னோக்கியும் அளந்தால் இது உடனே பிடிபடும்: திசை 180 பாகை மாறியும், சாய்வு அதே அளவில் குறி மாறியும் வர வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் வேறுபட்டால் அங்கேயே மறுபடி அளக்க வேண்டும். நீரோடும் பாதையில் எண்களை "இரண்டு, நான்கு, மூன்று" என்று ஒவ்வொன்றாகச் சொல்வதும், எழுதுகிறவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வதும் நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். அந்தப் பழக்கத்தை மட்டும் விடவே கூடாது. சாய்வு மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்ற குறியை எழுத மறந்தால், ஏறிய பாதை படத்தில் இறங்கிவிடும்.

புள்ளியை இருவரும் ஒரே இடமாகக் கொள்ளாததும் பெரிய பிழைதான். ஒருவர் பாறை நுனியைக் குறிவைத்திருக்க, அடுத்தவர் தம் தலை இருந்த இடத்திலிருந்தே அடுத்த அளவை எடுத்துவிடுவார். பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கம் வகுத்த துல்லியத் தரங்களில் ஐந்தாம் தர அளவைக்குக் கோணம் ஒரு பாகைக்குள்ளும், புள்ளியின் இடம் 10 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நகப்பூச்சால் இடும் ஒரு சிறு பொட்டு இதற்குப் போதும். இரு குழுக்கள் ஒரே நாளில் இறங்கினால், புள்ளிகளின் பெயர்களை முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

எண்களிலிருந்து கிடைப்பது ஒரு கோடு மட்டுமே. குகையைக் காட்டுவது வரைபடம். அதை வீட்டில் நினைவிலிருந்து வரையலாம் என்று விட்டுவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அளவுத்திட்டத்தோடு, ஈரம் தாங்கும் தாளில், பென்சிலால் அந்த இடத்திலேயே வரைய வேண்டும். வரைபவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்க வேண்டும். போகாமல் விட்ட முனைகளைக் குறிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குறிப்பேடுகள் தோற்கின்றன. "பாதை முடிந்தது" என்று எழுதியதைப் படித்து என்ன செய்வது? பாறை அடைத்திருக்கிறதா, நீர் நிற்கிறதா, எழுதியவரின் உடல் நுழையவில்லையா, காற்று வந்ததா, இறங்கக் கயிறு வேண்டுமா என்பவற்றை எழுதினால்தான் பத்து ஆண்டுகளுக்குப் பின் வருகிறவருக்கு அது பயன்படும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு. குகையின் வெப்பநிலை பொதுவாக மேல்தளத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். நடப்பவருக்குப் போதுமான உடை, ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்று வரைபவருக்குப் போதாது. விரல் மரத்தபின் எழுதிய எண்களை நம்ப முடியாது. ஆளுக்கு மூன்று விளக்குகள், வெளியே ஒருவரிடம் சொல்லிவைத்த திரும்பும் நேரம், மழை முன்னறிவிப்பு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவையே. புதிய பாதைக்கே உரிய ஆபத்து வேறு: அங்குள்ள கற்களை யாரும் தொட்டுச் சோதித்ததில்லை. ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான யோகான் வெஸ்ட்ஹவுசர், 2014 ஜூன் 8 அன்று ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் கல் விழுந்து தலையில் காயமடைந்தார். அவரை வெளியே கொண்டுவர 700-க்கும் மேற்பட்டோர் உழைத்தனர். ஜூன் 19 அன்றுதான் அவர் மேலே வந்தார். ஏறுகிறவருக்கு நேர் கீழே நிற்பதும், அடைத்திருக்கும் கற்குவியலின் அடிக்கல்லை இழுப்பதும் எத்தனை அனுபவம் இருந்தாலும் செய்யத்தகாதவை.

முதல் காலடி பட்ட சேறும் சுண்ணப்படிவும் தாமாக ஆறுவதில்லை. ஆகவே நுழையும்போதே ஒற்றை வழியைத் தேர்ந்து, நியூ மெக்சிகோவின் லெச்சுகுய்யா குகையில் செய்வதுபோல் வண்ண நாடாவால் அதைக் குறித்துவிட வேண்டும். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோய் 2006-இல் நியூயார்க்கில் முதலில் காணப்பட்டது. அந்தப் பூஞ்சை குகைக்காரர்களின் உடையிலும் கயிற்றிலும் பயணிக்கக்கூடும் என்பதால், கழுவாத கருவிகளோடு அடுத்த குகைக்குள் போகக் கூடாது.

வெளியே வந்தபின், சேறு படிந்த குறிப்புத்தாளை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பதையும் தவிர்க்க வேண்டும். வரைந்த நினைவு இருக்கும்போதே, ஒரு வாரத்துக்குள், எண்களை சர்வெக்ஸ் அல்லது தெரியான் போன்ற மென்பொருளில் ஏற்றி, மூலத்தாளைப் படமெடுத்துக் குழுவினர் அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும். தாளின் தலையில் அளந்தவர்களின் பெயர், கருவியின் அடையாளம், தேதி மூன்றும் இருக்க வேண்டும். காந்த வடக்கு ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால், தேதியில்லாத திசை அளவைப் பின்னால் வருகிறவர் மற்ற ஆண்டுகளின் அளவையோடு சரியாகப் பொருத்த முடியாது.