வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பேசியைக் கற்றுத்தரும் முறை

தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ உள்ள பெரியவர்களுக்குக் கைப்பேசியைக் கற்றுத்தர விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, அதை அவர்கள் கையிலிருந்து வாங்காமல் இருப்பதுதான். நாமே தட்டிக் காட்டினால் அவர்கள் தலையசைப்பார்களே தவிர, விரல் பழகாது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, விரலைத் துடைத்துவிட்டு மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். மீன் அரிந்த ஈரக் கைக்குத் திரை சரியாக இணங்காது.

வாட்ஸ்அப் பாடத்தை அவர்களுக்கு வந்த செய்தியிலிருந்தே தொடங்குவது நல்லது. புயல் நாளில் 'இன்றிரவு கடல் ஊருக்குள் வரும்' என்றொரு குரல்பதிவு வந்தால், அதன் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தது 5 முறை கைமாறி வந்ததன் அடையாளம். பொய் என்பதற்குச் சான்றன்று, ஆனால் அனுப்பியவர் தாமே பேசியதல்ல என்பதை உணர்த்தும். பிறகு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்போடு ஒப்பிடச் செய்யுங்கள். "பேரன் அனுப்புனான், பொய்யா இருக்குமா?" என்பவரிடம் பேரனைக் குறை கூறாமல், அவனுக்கு யார் அனுப்பினார் என்று விசாரிக்கச் சொல்வதே மேல்.

பணப் பாடத்துக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்க வேண்டும். யுபிஐ ரகசிய எண்ணைப் பணம் பெறுவதற்கு ஒருபோதும் இட வேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்குப் பத்து ரூபாய் அனுப்பி, திரும்பப் பெறச் செய்தால் இது மனத்தில் பதியும். காணொளி அழைப்பில் காவல் உடையுடன் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவர் மோசடிக்காரரே. சட்டத்தில் அப்படியொரு கைது இல்லை. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிவதோடு, சுவர் நாள்காட்டியிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.