காதல் நகைச்சுவையில் பிணம் விழும்போது

புதியவர்களின் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பிழைப்பு. காதல், சிரிப்பு, கொலை மூன்றையும் ஒரே படத்தில் போட்டுவிடும் ஆசை பலருக்கும் இருக்கிறது. என் தலைமுறை விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். நீண்ட வசனம், அரதப் பழசான நண்பன் பாத்திரம் எல்லாம் யாரும் சுட்டிக்காட்டக்கூடியவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடைவேளையில் வெளியாளை இறக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் ஓர் இளைஞர் கொண்டுவந்த கதையில், கல்யாணத்துக்குப் பயந்த பையனும் அவசரப்படும் பெண்ணும் முதல் பாதி முழுக்க அழகாகச் சண்டை போட்டார்கள். இடைவேளையில் கார் டிக்கியிலிருந்து ஒரு பிணம் விழுந்தது.

“யார் தம்பி இது?” என்றேன்.

“போதைக் கும்பல் ஆள் சார். கார் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.”

அவ்வளவுதான் தொடர்பு. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குப் பின்சீட்டில் அலறுவதைத் தவிர வேலை இல்லை. முதல் பாதியை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்ட தயாரிப்பாளர், இரண்டாம் பாதியில் செல்பேசியைக் கையில் எடுத்துவிட்டாராம். எடுக்காமல் என்ன செய்வார்?

ஜோனதன் டெம்மி 1986இல் எடுத்த ‘சம்திங் வைல்ட்’ படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பில் கட்டாமல் நழுவுகிறான் சார்லி. அதைக் கவனித்த லூலு அவனை அலுவலகத்துக்குத் திரும்பவிடாமல் காரில் கடத்திக்கொண்டு போகிறாள். கும்மாளமான பயணம். பென்சில்வேனியாவில் அவளுடைய பள்ளித் தோழர்கள் கூடும் நடன விருந்தில் ரே வந்து நிற்கிறான். படம் திகிலுக்குத் திரும்புகிறது. ஆனால் ரே வெளியாள் அல்ல. சார்லியைத் தன் கணவன் என்று அவள் சொல்லிக்கொண்டு திரியும் நேரத்தில், சிறையிலிருந்து வந்து சேரும் அசல் கணவன். குற்றமும் புதிதல்ல. சார்லி விளையாட்டாகச் செய்த சில்லறைத் திருட்டை ரே கடையில் துப்பாக்கியோடு செய்கிறான். பிற்பாடு அவளை மீட்கப்போகும் சார்லி, சாப்பாட்டு பில்லை ரேயின் தலையில் கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறான். முதல் காட்சியில் சிரிப்புக்கு வந்த பில், இங்கே ஆயுதம்.

உங்கள் கதையில் காதலை உருவிவிட்டாலும் கொலை நடக்குமா? நடக்கும் என்றால், கையில் இருப்பது இரண்டு அரைப் படங்கள்.

வில்லனைப் பொம்மையாக்குவது

ரேயாக நடித்த ரே லியோட்டாவின் சிரிப்பில் சார்லியே முதலில் மயங்குகிறான். பயம் அதற்குப் பிறகுதான். மீசையை முறுக்கிக்கொண்டே நுழைகிறவனிடம் யார் ஏமாறுவார்கள்?

பயம் வந்ததும் சிரிப்பை மூட்டை கட்டுவது

‘ஷான் ஆஃப் தி டெட்’ (2004) படத்தில் தினமும் ஒரே மதுக்கூடமா என்று அலுத்துத்தான் காதலி பிரிகிறாள். ஊரெங்கும் பிணங்கள் எழுந்து நடக்கும்போது, எல்லோரையும் காப்பாற்றுகிறேன் என்று நாயகன் கூட்டிப்போவதும் அதே மதுக்கூடத்துக்கு.

பின்னணி இசை பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

பார்த்துக்கொள்ளாது.

எல்லாம் கனவு என்று முடிப்பது

என்னிடம் கொண்டுவராதீர்கள்.