நாட்பட்ட வலிக்குப் படுக்கை ஓய்வு: வலிச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளுக்குப் புதிதாகப் பணிக்கு வரும் இயன்மருத்துவர்களும் தாதியரும், நாங்கள் தொடக்க காலத்தில் செய்த பிழைகளையே செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். எவருக்கும் உடனே தெரியக்கூடிய சிறு தவறுகளை விட்டுவிடுகிறேன்.

நாட்பட்ட வலிக்கு ஓய்வை மருந்தாக்குதல்

வழுக்கி விழுந்து வீங்கிய கணுக்காலின் வலி, இழையம் காயப்பட்டிருப்பதை அறிவிக்கிறது. காயம் ஆற ஆற அதுவும் அடங்கும். மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறோம். மூட்டுவாதம் போன்ற நோய்கள் அதற்குக் காரணமாகலாம்; ஆனால் பல இடுப்பு வலிகளில், காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூருணர்வு கொண்டு, சாதாரண அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அந்த வலி முற்றிலும் உண்மையானது. எனினும் வலியின் அளவைக் கொண்டு சேதத்தின் அளவைக் கணிக்க முடியாது.

கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவுக்கு அரை வருடத்துக்கு மேலாக இடுப்பு வலி இருந்தது. "ஒரு மாதம் படுத்திருங்கள், குனியவே கூடாது" என்று இளம் பணியாளர் ஒருவர் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) கூட இல்லாமல் அந்த மாதம் கழிந்தது. தோடு அடகுக்கு போயிற்று. திரும்பி வந்தபோது வலி குறைந்திருக்கவில்லை, கால் தசைகள் தளர்ந்திருந்தன, லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) படியில் இறங்கவே அவர் அஞ்சினார். நாட்சம்பளத்தில் வாழும் ஒருவரிடம், அவருடைய வேலை என்ன என்றுகூடக் கேட்காமல் ஓய்வை விதிப்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தண்ணீர் பிடிக்கும் பீலி வரை நடப்பதில் தொடங்கி, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஏற்றம், பின்னர் கால் கூடைச் சுமை என்று படிப்படியாகவே அவரைக் கொழுந்து மலைக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. வலி குறைந்த நாளில் அளவை மீறக் கூடாது, கூடிய நாளில் முழுவதும் நிறுத்தவும் கூடாது என்பதே நாங்கள் வைத்த விதி. கூடை நிறையும்வரை சுமக்காமல் இடையிடையே கொட்டிவிட, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் பேசி இடம் பெற்றதும் பெரிதும் உதவியது.

வலிக்கு எண் மட்டும் கேட்டல்

பூச்சியம் முதல் பத்து வரையான எண் திடீர் வலிக்குப் பயன்படும். நாட்பட்ட வலியில், தண்ணீர்க் குடம் தூக்க முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-ரேயைக் காட்டிப் பயமுறுத்துதல்

வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படத்திலும் தேய்மானம் தெரியும்.

மாத்திரைக் கணக்கை விசாரிக்காதிருத்தல்

கடையில் வாங்கிய டைக்ளோபெனக் என்ற வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, இரைப்பைப் புண்ணோடும் உயர்ந்த இரத்த அழுத்தத்தோடும் வருபவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகமும் அதனால் கெடலாம். பனடோல் (பரசிட்டமோல்) 500 மில்லிகிராம் மாத்திரை, வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. தடிமனுக்கு (சளிக்கு) விற்கப்படும் பல மாத்திரைகளிலும் பரசிட்டமோல் இருப்பதால் அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

திடீர் வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லுதல்

சத்திரசிகிச்சைக்குப் பின் வலி அடங்காதவர் ஆழ்ந்து மூச்செடுக்கவும் இருமவும் தயங்குவார். நுரையீரலில் சளி தேங்கும்.

அபாய அறிகுறிகளைத் தவறவிடுதல்

இடுப்பு வலியோடு சிறுநீர் வெளியேறாமை, மலசலக் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். காலை பஸ்ஸுக்காகக் காத்திருக்க விடாமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். வண்டி ஏற முடியாத லயமென்றால், பாதை வரை நோயாளியைத் தூக்கிவர ஆட்களை முன்னரே ஏற்பாடு செய்யுங்கள்.