பிரேக்கை எஞ்சின் என்று நினைக்காதீர்கள்: மூளையின் ஆழமும் உடல் அசைவும்

‘கையைத் தூக்கு என்று தசைக்கு உத்தரவு போடுவது மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள்.’ படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்த முடிச்சுகளிலிருந்து தண்டுவடத்துக்கு நேர்ப்பாதையே கிடையாது. உத்தரவு மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியிலிருந்து கிளம்புகிறது. முடிச்சுகளின் வேலை, எந்த அசைவை வெளியே விடலாம், எதைப் பிடித்துவைக்க வேண்டும் என்று பார்ப்பது.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், இந்த முடிச்சுகளில் ஒன்றான குளோபஸ் பாலிடஸின் உட்பகுதி, புறணிக்குச் செய்தி அனுப்பும் இடைநிலையமான தலாமஸை ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்கிறது. அதாவது, வண்டி நிற்கும்போது பிரேக் அழுத்தியே இருக்கிறது. ஸ்ட்ரையாட்டம் என்ற இன்னொரு முடிச்சு அந்த அடக்குமுறையையே அடக்கும்போதுதான் வேண்டிய அசைவுக்கு வழி திறக்கிறது. அடக்குவதை அடக்குவது என்ற இந்த இரட்டை எதிர்மறையில்தான் பலர் வழுக்குகிறார்கள். நானும் ஒருகாலத்தில் வழுக்கியவன்தான்.

இதிலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது: பழுதானால் அசைவு நின்றுபோகும் என்ற கணிப்பு. தலாமஸுக்குக் கீழே ஒரு சிறிய நரம்பணுத் திரள் இருக்கிறது. பிரேக்கை இன்னும் இறுக்குவது அதன் பணி. பக்கவாதத்தில் ஒருபுறம் அது சேதமானால், உடலின் மறுபுறக் கையும் காலும் தாமாகவே வீசியெறிவதுபோல ஆடத் தொடங்கும். வாதம் என்றாலே முடங்குவது என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். பிரேக் கழன்ற வண்டியை நினைத்துப் பார்த்தால் விசித்திரம் போய்விடும்.

ஆனால் இந்த உவமையையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. பிரேக்கைத் தளர்த்தும் பாதையும் இறுக்கும் பாதையும் மாறி மாறி வேலை செய்கின்றன என்றுதான் பாடங்களில் எழுதுவார்கள். 2013இல் சுண்டெலிகளில் அளந்து பார்த்தபோது, அசைவு தொடங்கும் தருணத்தில் இரண்டுமே சேர்ந்து விழித்தெழுந்தன. ஒன்று வேண்டிய அசைவை விடுவிக்க, மற்றது வேண்டாதவற்றைத் தடுக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

டோபமைனை மகிழ்ச்சிக்கான ரசாயனம் என்று மட்டும் சொல்லிவிடுவதும் அரைகுறைதான். அது தளர்த்தும் பாதையை ஊக்குவிக்கிறது, இறுக்கும் பாதையைத் தணிக்கிறது. அதைச் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்கள் மடிந்தால் பிரேக் விடுபடுவதே கடினமாகும். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நோயில் நடப்பது இதுவே. டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. நுழைந்தபின் டோபமைனாக மாறும் லெவோடோபாவைத் தருவது அதனால்தான்.

நடுக்கம் என்றாலே பார்க்கின்சன் என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்நோயில் கை ஓய்வாக இருக்கும்போது நடுக்கம் கூடும். சிலருக்கு நடுக்கமே இராது, மந்தம்தான் முதன்மை அடையாளம். பொருளை எட்டி எடுக்கும்போது, குறியை நெருங்க நெருங்கக் கை ஆடினால் சிறுமூளையைச் சந்தேகிக்க வேண்டும். அதன் பாதிப்பு பெரும்பாலும் உடலின் அதே பக்கத்தில் தெரியும்.

மந்தத்தைச் சோம்பலாக எடுத்துக்கொண்டு ‘சீக்கிரம் நட’ என்று நோயாளியை அதட்டுவோர் உண்டு. வாசலில் உறைந்து நிற்கும் அவர் முன்னே தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால், பலமுறை அவற்றைத் தாண்டி நடந்துவிடுவார். கண்ணில் படும் குறி, பழுதான முடிச்சுகளைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் அசைவைத் தொடங்கிவைக்கிறது என்கிறார்கள்.