உலர்பனியை உருக வைப்பது எப்படி?

உலர்பனி என்பது திட கார்பன் டை ஆக்சைடு. திறந்த வெளியில் அது உருகாது; −78.5 டிகிரி செல்சியஸில் நேராக வாயுவாகிவிடும். திரவமாக வேண்டுமென்றால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேலே (5.11) போக வேண்டும். அந்த அழுத்தத்தில், −56.6 டிகிரியில், திடம், திரவம், வாயு மூன்றும் சேர்ந்தே இருக்கும். இதுதான் மும்மைப் புள்ளி. தண்ணீருக்கு இது 0.01 டிகிரி, 611 பாஸ்கல்; அதாவது வளிமண்டல அழுத்தத்தைவிட மிகக் குறைந்த அழுத்தம். அதைக் காட்ட வெற்றிடப் பம்பு வேண்டும். உலர்பனிக்கு பிளாஸ்டிக் பிப்பெட்டும் (திரவத்தை உறிஞ்சிச் சொட்டவிடும் குழாய்) பிளையரும் போதும்.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். குமிழ் வைத்த மெல்லிய பிப்பெட்டின் கூர்முனையை வெட்டிவிட்டு, அரிசி அளவு உலர்பனித் துண்டுகள் எட்டுப் பத்தைத் தண்டு வழியே குமிழுக்குள் தள்ளுங்கள். தண்டை மடித்துப் பிளையரால் இறுக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் உள்ள சாதாரணத் தண்ணீரில் குமிழை முழுக்கிப் பிடியுங்கள். கண்ணாடிக் கோப்பை கூடவே கூடாது. தண்ணீர் வெப்பத்தைச் சீராகக் கொடுக்கும், குமிழின் மேல் பனி படிந்து மறைக்காமலும் பார்த்துக்கொள்ளும்.

சில நொடிகளில் துண்டுகளின் ஓரம் நனைந்தது போலாகும். பிறகு தெளிந்த திரவம் தேங்கிக் கொதிக்கும். மிச்சத் துண்டுகள் அடியில் கிடக்கும். பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதம்தான். திரவம் தெரிந்த உடனேயே, குமிழ் தண்ணீருக்குள் இருக்கும்போதே பிளையரைத் தளர்த்துங்கள். அழுத்தம் விழும், திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகி மீதியின் வெப்பத்தை உறிஞ்சும். கண்ணெதிரே அது வெள்ளைத் தூளாக உறைந்துவிடும். மறுபடி இறுக்கினால் மறுபடி உருகும். உலர்பனி தீரும்வரை இப்படியே செய்யலாம்.

தளர்த்தத் தாமதித்தால் குமிழ் படாரென்று வெடிக்கும். மூன்று நிலையும் சமநிலையில் இருக்கும்வரை, உள்ளே வரும் வெப்பம் உருக்குவதற்கும் ஆவியாக்குவதற்குமே செலவாவதால் அழுத்தம் ஏறாது. கடைசித் திடத்துண்டு கரைந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். திரவம் மட்டும் மிஞ்சி 0 டிகிரியை எட்டினால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 34 மடங்கைத் தொடும். அதுவரை எந்தக் குமிழும் தாங்காது. வெந்நீர் கூடாது என்பதும் இதனால்தான்.

உருகவே இல்லையா? பிளையர் வாயில் கசிவு இருக்கும். தண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்தால் குமிழிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சத்தைக் காற்றோட்டமான இடத்தில் திறந்தே விடுங்கள். மூடி போட்ட பாட்டிலில் வைத்தால், அது இந்தக் குமிழைவிட மோசமாக வெடிக்கும்.