ஹைட்ரண்ட்: நிறம் பூசுவதிலும் இடம் விடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரண்ட், அதாவது தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் தரும் தெருக்குழாய். அதன் ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களோடு சில காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் அந்த வயதில் அடித்த கூத்துகளை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். மூடியைத் தொலைப்பது, ஸ்பேனரை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. இரண்டு முறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும். திட்டியும் போகாத சில இருக்கின்றன.

## கேஜைப் பார்த்து நிறம் பூசுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வெளியிடும் 291-ஆம் எண் வழிகாட்டி, ஹைட்ரண்டின் உடலுக்கு மஞ்சளும், தலைக்கும் மூடிகளுக்கும் நீரளவைச் சொல்லும் நான்கு நிறங்களும் பரிந்துரைக்கிறது. நிமிடத்துக்கு 5700 லிட்டரும் அதற்கு மேலும் தந்தால் வெளிர்நீலம். 3800-லிருந்து 5700-க்குள் பச்சை. 1900-லிருந்து 3800-க்குள் ஆரஞ்சு. 1900-க்கும் கீழே போனால் சிவப்பு. இந்த அளவுகள் எல்லாமே, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினில், அதாவது தெருவின் முதன்மைக் குழாயில், 20 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பிரஷர் மிச்சமிருக்கும் நிலைக்கானவை. அதற்கும் கீழே இழுத்தால், மெயினில் எங்காவது இருக்கும் கசிவு வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படலாம்.

புதியவர் என்ன செய்கிறார்? மூடியைக் கழற்றி, பிரஷர் காட்டும் கேஜை மாட்டுகிறார், வால்வைத் திறக்கிறார், முள் 70 பிஎஸ்ஐயில் நிற்கிறது. “நல்ல பிரஷர் சார், பச்சை போட்டுடலாமா?” என்று திரும்பிப் பார்க்கிறார். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது கேஜ் காட்டும் எண்ணுக்கும் அந்தக் குழாய் தரப்போகும் தண்ணீருக்கும் பெரிய சம்பந்தமில்லை. குழாய் எவ்வளவு ஒல்லி, உள்ளே எவ்வளவு துரு, வழியில் யாராவது ஒரு வால்வைப் பாதி மூடிவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதெல்லாம் ஓட விட்டால்தான் தெரியும்.

ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு ஹைட்ரண்டுகள், இரண்டிலும் நிற்கும் பிரஷர் 70. முதலாவதைச் சோதிக்கும்போது நிமிடத்துக்கு 3000 லிட்டர் ஓடுகிறது, மிச்சப் பிரஷர் 40. 70-லிருந்து 20 வரை இறங்க இடமிருப்பது 50, சோதனையில் இறங்கியது 30. 50-ஐ 30-ஆல் வகுத்து, 0.54 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 3000-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3950. பச்சை. இரண்டாவதில் 1500 லிட்டர்தான் ஓடுகிறது, அதற்கே பிரஷர் 30-க்கு இறங்கிவிடுகிறது. அதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 1700. சிவப்பு. மூடியில் மாட்டிய கேஜில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்!

ஒரு கிடங்குத் தீயில் இதன் விலையைப் பார்த்தேன். பச்சைத் தலையை நம்பி, பம்ப் ஆபரேட்டர் இரண்டு பெரிய ஹோஸ்களுக்கு ஆள் போட்டுவிட்டார். முதல் ஹோஸ் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதைத் திறந்ததும் உள்வரும் பக்கத்து கேஜ் சரிந்தது, ஹைட்ரண்டிலிருந்து வந்த ஹோஸ் தொய்ந்து தட்டையாகிவிட்டது. உள்ளே போன இருவரை உடனே வெளியே கூப்பிட வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிடங்கு போனது. பிறகு விசாரித்தால், அந்த வரிசை முழுக்க கேஜை மட்டும் பார்த்துப் பூசியிருக்கிறார்கள். பொய்ப் பச்சையைவிட நிறமே இல்லாத ஹைட்ரண்ட் எவ்வளவோ மேல். நிறம் இல்லையென்றால் ஆபரேட்டர் சந்தேகத்தோடு திறப்பார், மாற்று ஏற்பாட்டோடு நிற்பார்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. நிறம் என்பது அந்த ஒரு ஹைட்ரண்டைத் தனியாகத் திறந்தபோது கிடைத்த அளவு. ஒரே மெயினில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பச்சைகளைச் சேர்த்துத் திறந்தால் இரண்டு மடங்கு வராது. குழாய்க்கும் வயதாகிறது என்பதால்தான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். எந்த ஆண்டு சோதித்தோம் என்று உடலில் சின்னதாக எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர் கும்பிடுவார்.

## எல்லாவற்றையும் ஒரே சிவப்பில் மெழுகுவது

பெரிய அதிகாரி வருகைக்கு முந்தின நாள் நடக்கும் விபரீதம் இது. தலை, மூடி, சங்கிலி, மரை எல்லாம் ஒரே கோட்டிங். நிறத் தகவல் போனது மட்டுமா, பெயிண்ட் காய்ந்து மூடியும் ஒட்டிக்கொள்ளும்.

## நம் ஊர் நிறமே எல்லா ஊர் நிறம் என்று நினைப்பது

நிறங்கள் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் ஹைட்ரண்ட் தரைக்கு அடியில் இருக்கும். அருகில் மஞ்சள் பலகையில் ‘எச்’ என்ற எழுத்து, மேலே உள்ள எண் குழாயின் விட்டம், கீழே உள்ளது ஹைட்ரண்ட் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற தூரம். இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு இருட்டில் தேடுகிறவர்கள் உண்டு. என்எஃப்பிஏ முறையில் ஊதா, குடிநீர் அல்லாத தண்ணீரைக் குறிக்கும். சோதனைக்குத் திறக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சுற்றி இடம் விட்டோம் என்று சொல்லிக்கொள்வது

சுற்றிலும் ஏறத்தாழ 90 செ.மீ., ஹோஸ் மாட்டும் பெரிய வாய் இருக்கும் பக்கம் 1.5 மீட்டர் என்பது அமெரிக்க விதி. இடம் விட்டிருப்பார்கள், பெரிய வாய் மட்டும் சுவரைப் பார்த்து நிற்கும். அல்லது வண்டி மோதாமல் இருக்கக் கம்பம் நட்டிருப்பார்கள், அந்தக் கம்பத்தில் இடித்து ஸ்பேனர் முழுச்சுற்று சுற்றாது. டேப் வைத்து அளப்பதோடு நிற்காமல், ஸ்பேனரை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஹோஸையும் மாட்டிப் பாருங்கள், மடிகிறதா என்று தெரிந்துவிடும். தரை மட்டம் உயர்த்திய இடங்களில் வாயின் உயரமும் போயிருக்கும். வாயின் மையம் தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் கீழே வரக்கூடாது.

செடி வளர்ப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## “ஐந்து நிமிஷம்தான்” பார்க்கிங்

எழுதி அலுத்துவிட்டது.

## பகலில் மட்டும் பார்ப்பது

மஞ்சள் சோடியம் விளக்கடியில் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். ஒளி திருப்பும் பட்டையோ பெயிண்டோ இல்லையென்றால் வண்டி ஹைட்ரண்டைத் தாண்டிப் போய்விடும். பல ஊர்களில் சாலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஹைட்ரண்ட் இருக்கும் பக்கமாக, நீல ரிஃப்ளெக்டர் பதிப்பார்கள். தார் போடும்போது அது புதைந்துபோகும். சாலை வேலை முடிந்ததும் போய்ப் பாருங்கள், இரவில்.

## பழுதானதை அடையாளமில்லாமல் விடுவது

ஹைட்ரண்டின் மேல் பையைக் கட்டுங்கள், பழுது என்று காட்டும் வளையத்தை மாட்டுங்கள், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். இன்றைக்கே.

## வால்வைப் பாதி திறந்து நிறுத்துவது

வால்வு தரைக்கு அடியில் இருக்கும் வகைகளில், உடலுக்குள் தேங்கும் நீர் வடிய கீழே துளை உண்டு. முழுக்கத் திறந்தால்தான் அது அடைபடும். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் அந்தத் துளை வழியே பீறிட்டுச் சுற்றியுள்ள மண்ணை அரிக்கும். முழுக்கத் திறங்கள். மூடும்போது மெதுவாக மூடுங்கள், வேகமாக மூடினால் குழாய் அதிர்ந்து எங்கோ ஒரு இணைப்பு பிளக்கும். பிறகு பெரிய வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். துளை வழியே நீர் வடிந்துகொண்டிருந்தால் கை லேசாக உள்ளே இழுபடும். இழுபடவில்லை என்றால் துளை அடைத்திருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள்.