சொட்டுநீர்க் குழாயில் பிடித்த உப்பை அமிலத்தால் கரைக்கும் முறை

பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிச் சொட்டுநீர் அமைத்தவர்கள், டிரிப்பர் (நீர் சொட்டும் முனை) வாயில் வெள்ளையாகப் பிடிக்கும் உப்பை நன்கு அறிவார்கள். நீரில் கரைந்து வரும் கால்சியம் பைகார்பனேட், வெயிலில் குழாய் சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே அந்த உப்பு.

முதலில் படிவு இன்னதென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அடைத்த டிரிப்பரிலிருந்து பெயர்த்த துணுக்கின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு சொட்டு விட்டால், கார்பனேட் எனில் சுர்ரென்று நுரைக்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழிகளாக வெளியேற, மிஞ்சும் கால்சியம் குளோரைடு நீரில் கரைந்துவிடும். நுரைக்காமல் வழவழப்பாக இருந்தால் அது பாசியாகவே இருக்கும். அதற்கு அமிலம் பயன்படாது, குளோரின்தான் வேண்டும்.

பேட்டரி ஆசிட் கையில் இருக்கிறதென்று சல்பூரிக் அமிலத்தை எடுக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதில் உண்டாகும் கால்சியம் சல்பேட் எளிதில் கரையாது; படிவின் மேல் தோலாக மூடிக்கொண்டு, உள்ளே அமிலம் புகாதபடி வினையையே நிறுத்திவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமே ஏற்றது: 100 கிராம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமாகச் சுமார் 220 கிராம் தேவை.

அளவை உங்கள் நீரே சொல்லும். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீர் எடுத்து, ஒவ்வொரு மில்லியாக அமிலம் விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) 4 வரும்வரை பார்க்க வேண்டும். பைகார்பனேட் தீரும்வரை பி.எச். மெதுவாகவே இறங்கும், தீர்ந்ததும் சட்டென விழும் என்பதால் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது. 5 மில்லி பிடித்தால், 1,000 லிட்டர் பாய்ச்சலுக்கு அரை லிட்டர்.

ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாசிக்குக் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் தொடவே கூடாது. வென்சுரி (ஓடும் நீரின் வேகத்தால் கரைசலை உறிஞ்சிக் குழாயில் கலக்கும் கருவி) வழியே அமிலத்தைச் செலுத்தி, கடைக்கோடி டிரிப்பரிலும் பி.எச். 4 வந்ததும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மறுநாள் குழாய் முனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை அலசிய பின், மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் நிமிடத்துக்குச் சுமார் 67 மில்லி சொட்டுகிறதா என்று அளந்து, தேறாதவற்றை மாற்றிவிடலாம்.